பிரிஸத்தில் ஒட்டிய சந்தனம்

எங்கள் நிலையத்துக்குப் புது இயந்திரம் வந்துவிட்டதாம். தானே மூடியைத் திறந்து, தானே சூரியனைத் தேடிப் பிடித்து, தானே அளந்து, கணக்கையும் போட்டு அனுப்பிவிடுகிறதாம். அதன் தொடக்க விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். "அண்ணே, முப்பத்திநாலு வருசம் இருந்திருக்கீக. நல்லதா நாலு விசயம் எழுதிக் குடுங்க" என்று அங்கே இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் போன் போட்டுக் கேட்டார்கள். நல்லதாக எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரு பதினெட்டு நாளைப் பற்றி மட்டும் எழுதப் போகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

உத்தமபாளையத்துக்கும் அனுமந்தன்பட்டிக்கும் இடையில், திராட்சைப் பந்தல் முடிந்து பாறை தொடங்கும் மேட்டில் இருக்கிறது நிலையம். மூன்று அறை, ஒரு சிமெண்டு மேடை, சுற்றி முள்வேலி. ஊருக்குள் அதற்கு மழை ஆபீஸ் என்று பெயர். "மருந்தடிக்கலாமா, மழை வருமா?" என்று கேட்டு வந்த திராட்சைக்காரர்களுக்குப் பதில் சொல்லியே என் பாதி சர்வீஸ் போனது. நாங்கள் பார்த்தது மழை மேகத்தை அல்ல, அதற்கும் வெகு மேலே இருக்கிற ஓசோனை என்று சொன்னால், "அப்ப மழையச் சொல்லாத ஆபீஸ் எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நியாயமான கேள்விதான்.

இயற்பியல் பட்டம் வாங்கி, தேர்வெழுதி, வேலை கிடைத்து, ஆறு மாதம் வடக்கே பயிற்சிக்குப் போனேன். சப்பாத்தியோடும் சளியோடும் மல்லுக்கட்டிய நாட்கள் அவை. அங்கே கற்றது இவ்வளவுதான்: முள் நடுவில் நிற்கிற வரை டயலைத் திருப்பு, நின்றதும் நேரத்தோடு எழுது, உனக்குப் பிடித்த எண்ணை எழுதாதே. முதல் இரண்டும் ஒரு வாரத்தில் பழகிவிட்டன.

அளக்கிற கருவியை நாங்கள் பெட்டி என்போம். ஓர் ஆள் நீளம், இரண்டு ஆள் கனம். தள்ளுவண்டியில் வைத்து மேடைக்கு உருட்டி வருவோம். பெட்டியின் மேல்பக்கம் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன்மேல் ஒரு பித்தளைக் குழாயை நிறுத்துவோம். குழாயின் தலையில் ஒரு பிரிஸம். சூரியனைப் பார்க்கும்படி அதைத் திருப்பினால் வெயில் நேராகப் பெட்டிக்குள் இறங்கும். சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத கடுமையான பகுதி ஒன்று இருக்கிறது, புற ஊதா என்பார்கள். அதில் ஒரு நிறத்தை ஓசோன் நன்றாகக் குடித்துவிடும், பக்கத்து நிறத்தை அவ்வளவாகத் தொடாது. இரண்டும் எவ்வளவு வந்து சேர்கின்றன என்று ஒப்பிட்டால், மேலே எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று தெரிந்துவிடும். சூரியனை மேகம் மறைத்தால் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, ஜன்னல் வழியே உச்சி வானத்தைப் பார்த்து அளப்போம். நேர் சூரியன் அளவுக்கு அது துல்லியம் இல்லை என்பதால் மேகம் இல்லாத நாளில் அந்தப் பக்கம் போகமாட்டோம்.

பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு விளக்கு உண்டு. குழாயைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் விளக்கை வைத்துப் பார்க்க வேண்டும். வாசிக்கிறவர்கள் இதை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நாலைந்து மேலதிகாரிகள் வாய்த்தார்கள். கடைசியாக வந்தவர் ரோஸ்லின் மேடம். அனுமந்தன்பட்டிக்காரர். அப்பா திராட்சை விவசாயி, அம்மா கோயில் தெருப் பள்ளியில் டீச்சர். படித்துப் பெரிய இடங்களில் எல்லாம் இருந்துவிட்டு, விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு சொந்த ஊர்ப் பக்கம் வந்தவர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். ஆபீசில் ஆள் இருந்தால் மிஸ்டர் பாண்டி, மேடையில் பெட்டி பக்கத்தில் நின்றால் பாண்டிண்ணே. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேச்சு இன்னும் தணிந்து, கடைசியில் உதடு மட்டும் அசையும். அதுதான் எங்களுக்குப் பெரிய பயம். ரீடிங் எடுக்கும்போது உட்கார மாட்டார். யாராவது எடுத்துக்கொண்டிருந்தாலும் தானும் நிற்பார். "வெயிலு நிக்கிதுல்ல, நம்மளும் நிப்போம்" என்பார்.

அவர் எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீஸ் உதவியாளர் மொக்கச்சாமிக்கு அவர் ஒருநாள் சொன்னதுதான் எனக்கும் நன்றாக விளங்கியது.

"மேல இருக்க ஆக்சிஜன் ரெண்டு ரெண்டா கை கோத்துக்கிட்டு நிக்கிதுண்ணே. புற ஊதா வெயிலு அடிச்சுப் பிரிச்சு விட்டுருது. பிரிஞ்ச ஒத்தை சும்மா இருக்குமா? பக்கத்துல இருக்க ஜோடியோட போய் ஒட்டிக்கிது. மூணாச்சா? அதுதான் ஓசோன்."

"அப்ப வெயிலு கூடுனா அதுவும் கூடுமா மேடம்?" என்றான் மொக்கச்சாமி.

"அதத்தான்ணே நாலு வருசமா பாத்துக்கிட்டு இருக்கேன்."

சூரியன் எப்போதும் ஒரே மாதிரி எரிவதில்லை. ஏறத்தாழ பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை அதற்கு உக்கிரம் ஏறி இறங்கும். ஏறும் காலத்தில் முகமெல்லாம் கரும்புள்ளி. நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் பெரிதாக மாறாது. அந்தப் புற ஊதாதான் கூடும். புள்ளிக் கூட்டம் இருக்கும் பக்கம் நம்மைப் பார்த்துத் திரும்பினால் மேலே ஓசோன் கொஞ்சம் கூட வேண்டும். சூரியன் சுழல்வதால் அந்தக் கூட்டம் இரண்டு வாரம் போல நமக்கு முகம் காட்டிவிட்டுப் பின்னால் போகும். அப்போது ஓசோனும் குறைய வேண்டும். சூரியன் பொங்கி வீசும் துகள்கள் துருவங்களின் பக்கம் இறங்கி, அங்கே நைட்ரஜனைக் கிளறிவிட்டு ஓசோனைத் தின்னவும் செய்யும். அந்தத் தொல்லை நம் வானத்துக்கு வராது, பூமியின் காந்தம் தடுத்துவிடும். ஆகவே ஏற்றம் மட்டும் தனியாகத் தெரிவதற்கு நம் பள்ளத்தாக்கு நல்ல இடம் என்பது மேடத்தின் வாதம். ஏற்றம் மிகச் சிறியது. பருவத்துக்குப் பருவம் வருகிற மாற்றத்துக்குள் அது காணாமல் போய்விடும். பெரிய புள்ளிக் கூட்டமும் மேகமில்லாத இரண்டு வாரமும் சேர்ந்து அமைய வேண்டும். நாலு வருஷம் அமையவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அமைந்தது. பெரிய கூட்டம் ஒன்று சூரியனின் கிழக்கு ஓரத்தில் தலைகாட்டியிருப்பதாக மேடம் முதல் நாளே சொன்னார்.

எங்கள் பெட்டிக்கும் பூஜை உண்டு. தள்ளுவண்டியில் வாழைக்கன்று கட்டுவோம், பெட்டியின் மரப்பலகையில் சந்தனமும் குங்குமமும் வைப்போம், பொரிகடலை, சூடம், பூசணிக்காய். கண்ணாடிப் பக்கம் கை போகக்கூடாது என்பது எழுதாத சட்டம். மேடம் ஒவ்வொரு வருஷமும் சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, பொரிகடலையை மட்டும் இரண்டு கை வாங்கிக்கொள்வார். அந்த வருஷம் நான் சும்மா இருக்கவில்லை.

"மேடம், இந்தத் தடவ நீங்கதான் மொதப் பொட்டு வைக்கணும். பெரிய விசயம் வரப்போகுதுல்ல."

"நானாண்ணே? எங்கம்மா கேட்டாகன்னா என்ன சொல்லுவாக?" என்று சிரித்தார். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பன்னீரில் குழைத்த சந்தனத்தை ஒரு விரலால் எடுத்தார். சந்தனம் தண்ணீராக இருந்தது, குழைத்தது நான்தான். அவர் பொட்டு வைத்தது பித்தளைக் குழாயின் நெற்றியில், பிரிஸத்துக்குச் சற்று மேலே. கையைக் கூப்பத் தெரியாமல் கூப்பிக்கொண்டு, வெட்கத்தோடு நகர்ந்துகொண்டார். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

சூடம் காட்டி முடித்துத் திரும்பினால் சந்தனம் வழிந்து கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டிருக்கிறது. பத்தரை மணி ரீடிங்குக்கு நேரமாகிவிட்டது. பஞ்சும் ஸ்பிரிட்டும் உள்ளே அலமாரியில். நான் வேட்டி நுனியால் ஒரு இழுப்பு இழுத்தேன். குனிந்து பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. ரீடிங் எடுத்தேன்.

அந்த ரீடிங்கிலிருந்தே ஓசோன் கூடியது. மேடம் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் போட்டார். எதிர்பார்த்ததைவிட ஏற்றம் அதிகமாக இருந்ததால் அவருக்குச் சந்தேகம். விளக்கை வைத்துச் சோதிக்கச் சொன்னார். சோதித்தோம், சரியாக இருந்தது. நாலு நாள் கழித்து மறுபடியும் சோதித்தோம், அப்போதும் சரி. எட்டாவது நாள் என்னைப் பார்த்து, "பிரிஸம் சுத்தமா இருக்குல்லண்ணே?" என்று கேட்டார்.

"பளிங்கு மாதிரி இருக்கு மேடம்" என்றேன். பொய் சொல்லவில்லை. என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

மேலிடத்திலிருந்து அந்த நேரம் ஒரு கடிதம் வந்திருந்தது. எங்களைப் போன்ற சின்ன நிலையங்களை வைத்துக்கொள்வதா, மூடுவதா என்று ஒரு குழு முடிவெடுக்கப் போகிறது. ஒவ்வொரு நிலையமும் வீடியோவில் வந்து, தான் என்ன கிழித்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் முறை வியாழக்கிழமை பதினொரு மணி. மேடம் அந்த ஏற்றத்தைத்தான் காட்டப் போகிறார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேரே நிலையத்துக்கு வந்தவர், மேடையில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டே, "எங்கப்பாகிட்டக்கூடச் சொல்லிட்டேன்ண்ணே" என்றார்.

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஒரு துண்டு மேகம் வந்து சூரியன்மேல் உட்கார்ந்தது. பூஜைக்குப் பிறகு அன்றுதான் முதல் மேகம். நான் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு உச்சி வானத்தை அளந்தேன். அளவு தாழ்ந்து வந்தது. கொஞ்ச நஞ்சமல்ல, பூஜைக்கு முன்னால் இருந்த அளவுக்கே வந்துவிட்டது. மேகத்தால் இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மேகம் போய்விட்டது. குழாயை வைத்து நேர் சூரியனை அளந்தேன். மேலே! மறுபடி கழற்றி வானம். கீழே. மறுபடி வைத்துச் சூரியன். மேலே.

அரை மணி நேரத்துக்குள் ஓசோன் இப்படிக் குதித்துக் குதித்து விளையாடாது. இரண்டுக்கும் நடுவில் மாறியது அந்தக் குழாய் மட்டும்தான். கழற்றிக் கையில் எடுத்தேன். நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தேன். கண்ணாடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு, தண்ணீரில் மண்ணெண்ணெய் விட்ட மாதிரி ஒரு மினுமினுப்பு.

சந்தனத்தின் எண்ணெய். நம் கண்ணுக்கு அது கண்ணாடி, பெட்டிக்கு அது திரை. ஓசோன் குடிக்கிற அதே நிறத்தை அதுவும் குடித்திருக்கிறது. பெட்டி அதையும் ஓசோன் என்றே சொல்லியிருக்கிறது. விளக்கு சோதனையில் எப்படித் தெரியும்? விளக்கை வைக்கும்போது குழாயைத்தான் கழற்றிவிடுகிறோமே. கடிகாரத்தைப் பார்த்தேன், பத்தே முக்கால்.

மேடம் உள்ளே இருந்தார். பத்து எட்டு நடந்தால் போதும். நான் நடக்கவில்லை.

ஏன் என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஓய்வுக்கு எனக்கு ஒரு வருஷம்கூட இல்லை. விளக்கம் கேட்டு மெமோ வரும். பெட்டியைக் கெடுத்தவன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டும். இதெல்லாம் உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய பயம், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வது. பொட்டு வைக்கச் சொல்லி இழுத்து வந்தவன் நான். வேண்டாம் என்று தள்ளி நின்றவரைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே அவர் வேலையைக் கெடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு யோசனையும் வந்தது. அதை மறைத்தால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுச் சத்தமில்லாமல் துடைத்துவிட்டால் என்ன? அளவு கீழே இறங்கும். சூரியனில் புள்ளிக் கூட்டமும் அந்த வாரம்தான் மேற்கு ஓரத்தில் மறைந்துகொண்டிருந்தது. புள்ளி வந்தபோது ஏறியது, புள்ளி போனபோது இறங்கியது! மேடம் தேடிய படம் அச்சு அசலாக வந்துவிடும். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பஞ்சை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன். திரும்பி வந்தேன். செவ்வாய்க்கிழமை ஒருமுறை போனேன். புதன்கிழமை மூடியைத் திறந்து ஸ்பிரிட்டை நனைத்தே விட்டேன். கை கண்ணாடி வரைக்கும் போய் நின்றுவிட்டது. துடைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அந்த மூன்று நாளும் வானத்தில் அதற்கப்புறம் ஒரு பொட்டு மேகம் கிடையாது. எண்ணெய்ப் பிரிஸத்தோடு நேரத்துக்கு நேரம் ரீடிங் எடுத்து, பொய் என்று தெரிந்தே பதிவேட்டில் எழுதினேன்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி சரசு செவ்வாய்க்கிழமை பொறுத்துப் பார்த்தாள். புதன்கிழமை தட்டை இழுத்துக்கொண்டாள்.

"அரை மணியா சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கீக. ஆபீசுல என்ன பண்ணிட்டு வந்தீக?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்பிடி மூஞ்சி கறுத்துக் கெடக்கு? அந்தப் பிள்ளைக்கு ஏதும் எடஞ்சலா?" மேடத்தை அவள் எப்போதும் அந்தப் பிள்ளை என்றுதான் சொல்வாள்.

நான் கையைக் கழுவிவிட்டேன்.

வியாழக்கிழமை மேடம் எட்டரைக்கே வந்துவிட்டார். அரக்குக் கலரில் புதுச் சேலை. மேசைமேல் படங்கள் அச்சாகிக் கிடந்தன. ஏறிப் போகும் அந்தக் கோட்டைப் பார்க்கவே எனக்குக் கூசியது. "பாண்டிண்ணே, ஒன்பது மணி ரீடிங் எடுத்துக் குடுத்தீகன்னா கடைசிப் புள்ளியா அதையும் வச்சிருவேன்" என்றார்.

மேடையில் பெட்டியைத் திறந்து நின்றேன். டயலைத் திருப்பினேன். மொக்கச்சாமி வந்து பக்கத்தில் நின்றான்.

"மேகமலைப் பக்கம் பாத்தீகளாண்ணே? கருக்கிட்டு வருது. இன்னிக்கி மழை புடிச்சிக்கிரும்."

பார்த்தேன். மலையின் தலை தெரியவில்லை. ரீடிங்கை எழுதாமல் குழாயைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கதவைத் தட்டக்கூட இல்லை.

"மேடம், அந்த ஏத்தம் சூரியனோடது இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சந்தனம் வழிந்ததைச் சொன்னேன். வேட்டியால் துடைத்ததைச் சொன்னேன். வானத்துக்கும் சூரியனுக்கும் வந்த வித்தியாசத்தைச் சொன்னேன். குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது.

"எப்பப் பாத்தீக?"

"இப்பத்தான் மேடம். இன்னிக்கிக் காலையில."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவர் தலையை ஆட்டினார். நம்பிவிட்டார்.

அடுத்த நிமிஷம் அவர் வேறு ஆள். "தொடச்சிராதீக. இதத் தொடச்சா எல்லாம் போச்சு. அலமாரியில மாத்துப் பிரிஸம் இருக்குல்ல? எடுத்துட்டு வாங்க. அழுக்கோட ஒண்ணு, மாத்துல ஒண்ணு. மாத்தி மாத்தி எடுப்போம். இது எவ்வளவு பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சா, அம்புட்டு நாளையும் திருத்திரலாம்ண்ணே. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எல்லா வெயிலும் வேணும். சாஞ்ச வெயிலுக்கு ஒரு பொய், உச்சி வெயிலுக்கு ஒரு பொய் சொல்லும் இது. ஒரே ஒரு நாள் போதும்."

புதுச் சேலையோடு மேடையில் மண்டியிட்டார். நான் டயல், மொக்கச்சாமி நேரம் சொல்ல, அவர் எழுத. அழுக்குப் பிரிஸம் ஒன்று. மாற்றுப் பிரிஸம் ஒன்று. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. "ஆமாண்ணே! வருது, வருது" என்றார். இரண்டாவது ஜோடி எடுத்தோம். மூன்றாவதுக்குக் குழாயை மாற்றும்போதே மேடையில் நிழல் விழுந்தது. முள் செத்துப்போய் ஓரத்தில் சாய்ந்தது. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "போயிரும்ண்ணே, சும்மா மேகந்தான்" என்றார். அரை மணி நேரம் நின்றோம். முதல் தூறல் பதிவேட்டின்மேல் விழுந்ததும் மொக்கச்சாமி பெட்டியை மூடினான்.

பதினொரு மணிக்கு வீடியோ. ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டு மேடம் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். படங்கள் எதையும் அவர் காட்டவில்லை. பூஜை நாளிலிருந்து எடுத்த அளவு எதுவும் நம்பத் தகுந்தது அல்ல, பிரிஸத்தில் அந்நியப் பொருள் ஒட்டியிருந்தது, அந்த முடிவைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். என்ன பொருள் என்று கேட்டார்கள். சந்தனம் என்றார். எதிர்முனையில் யாரோ சிரித்தார்கள்.

"யார் வைத்தது?" என்று கேட்டது ஒரு குரல்.

நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். மேடம் என் பக்கம் திரும்பாமலேயே இடது கையை மட்டும் பின்னால் நீட்டி, நில்லுங்கள் என்று காட்டினார்.

"நான்தான் சார் வைத்தேன். நிலையப் பொறுப்பாளர் நான்."

மழை ஒன்பது நாள் விடவில்லை. பத்தாவது நாள் வெயில் வந்தபோது கண்ணாடியில் எண்ணெய் காய்ந்து, ஈரத்தில் பூத்து, வேறு ஏதோ ஆகிவிட்டது. அதை வைத்துப் பழைய பொய்யை அளக்க முடியாது. இரண்டு ஜோடி ரீடிங்கை வைத்துக்கொண்டு மேடம் ஒரு மாதம் கணக்குப் போட்டார். உச்சி வெயிலுக்கு ஆதாரமே இல்லாமல் எதையும் திருத்த முடியவில்லை. கடைசியில் பதினெட்டு நாளையும் தள்ளிவிட்டார். புள்ளிக் கூட்டம் வந்து முகம் காட்டிப் போன முழு நாட்களும் அதற்குள் இருந்தன. சூரியனின் அந்தப் பதினோரு வருஷச் சுற்றில் அவ்வளவு பெரிய கூட்டம், அவ்வளவு தெளிந்த வானம், மறுபடி எங்களுக்கு அமையவில்லை. நிலையத்தை மூடவில்லை, புது இயந்திரம் வைப்பது என்று முடிவானது. மேடத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். எனக்கு மெமோ வரவில்லை, விளக்கம் கேட்டது அவரிடம்தான்.

என் ஓய்வு விழாவுக்கு அவர் இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, தேனியில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வந்தார். மாலை போட்டார்கள், பேசினார்கள். மேடமும் பேசினார்.

"என் சந்தனத்தால பதினெட்டு நாள் போச்சு. அது என் தப்பு. ஆனா பாண்டிண்ணன் அன்னிக்கி நெனைச்சிருந்தா தொடச்சுட்டுப் பேசாம இருந்திருக்கலாம். கண்டுபிடிச்ச கையோட, குழாயத் தூக்கிக்கிட்டு நேரா என்கிட்ட வந்து நின்னாக. அந்த மாதிரி ஒரு ஆளோட வேலை பாத்தேங்கிறதுதான் எனக்கு மிச்சம்."

எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் சரசுவும் தட்டினாள். நான் மாலையோடு எழுந்து கும்பிட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

மேடம், இந்த மலர் உங்கள் கைக்கு வரும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வியாழக்கிழமை காலையில் அல்ல, அந்தத் திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கே எனக்குத் தெரியும். ஒரே ஒரு நாள் போதும் என்று நீங்கள் சொன்னீர்கள். திங்கட்கிழமை மிச்சமும், செவ்வாயும் புதனும் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் வெயில் அடித்தது. மாற்றுப் பிரிஸம் அலமாரியில்தான் இருந்தது. அன்றைக்கே பத்து எட்டு நடந்து வந்து சொல்லியிருந்தால் அவ்வளவையும் திருத்தியிருப்பீர்கள். அந்தப் பதினெட்டு நாள் உங்கள் சந்தனத்தால் போகவில்லை. நான் வாயைத் திறக்காததால் போனது.